ஓட்டத்தை உறைய வைக்கவும் ஓடவிடவும்: ஷட்டர் வேகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஷட்டர் வேகம் என்பது கேமராவின் ஷட்டர் கதவு போலத் திறந்திருந்து ஒளியை உள்ளே விடும் நேரம்; 1/1000 என்றால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடுகிற பைக்கைப் படமெடுக்க எந்த ஷட்டர் வேகம் என்று கேட்டால், பெரும்பாலும் 1/1000 என்று ஒரே பதில்தான் கிடைக்கும். அதே பைக் சாலையின் கடைசியில் சின்னதாகத் தெரியும்போது 1/250 போதும். பக்கத்தில் வந்து ஃப்ரேமை நிறைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தால் 1/2000-கூடப் பற்றாமல் போகலாம். நேராக நம்மை நோக்கி வந்தால் 1/500-இல் எடுத்துவிடலாம். வண்டியின் வேகம் நான்கிலும் ஒன்றுதான், தேவைப்படும் எண்தான் மாறுகிறது. இது ஏன் என்று புரிந்துகொண்டால் அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கணக்கு

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் பொருளின் பிம்பம் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் தகடு) மேல் எத்தனை பிக்சல் நகர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு சுமார் 16.7 மீட்டர். 1/1000 நொடியில் வண்டி கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் நகரும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் அகலவாக்கில் 6000 பிக்சல். ஃப்ரேமுக்குள் 6 மீட்டர் அகலத்துக் காட்சி இருந்தால் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டருக்குச் சமம். ஆக 17 பிக்சல் இழுவை. அந்தப் படத்தை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் போனில் பார்த்தால் அது 3 பிக்சல்தான், கண்ணுக்குத் துல்லியமாகவே தெரியும். பெரிதாக்கிப் பார்த்தாலோ, பாதியாக வெட்டிப் பிரிண்ட் போட்டாலோ நம்பர் பிளேட் எழுத்து கரைந்திருப்பது தெரிந்துவிடும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. தூரம் இரண்டு மடங்கானால் இழுவை பாதியாகும். லென்ஸை 100 மி.மீ.-இலிருந்து 200-க்கு ஜூம் செய்தால் இழுவை இரண்டு மடங்காகும். பொருள் குறுக்கே போகாமல் 45 டிகிரி சாய்வாக வந்தால் இழுவை சுமார் 70 சதவீதமாகக் குறையும், நேர் எதிரே வந்தால் இன்னும் வெகுவாகக் குறையும். அதனால்தான் அனுபவசாலிகள் ஓட்டப்பந்தயத்தைக் கோட்டின் பக்கவாட்டில் நின்று எடுக்காமல், முடியும் இடத்துக்கு அப்பால் நின்று எடுக்கிறார்கள்.

பலர் தவறவிடுவது இன்னொன்று: ஒரே பொருளின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. உருளும் சக்கரத்தின் உச்சி வண்டியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது, தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. ஓடுகிறவரின் முகம் துல்லியமாக இருக்க, முன்னே வீசிய பாதம் மட்டும் மங்கியிருப்பதும் இதே காரணத்தால்தான். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்தப் பாகம் கூர்மையாக வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேமராத் திரையில் 250 என்று தெரிந்தால் அது 1/250 நொடி. 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டை மேற்கோள்குறி போல இரு கோடுகள் இருந்தால் அது இரண்டு முழு நொடி. ஆரம்பத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 1/250-இலிருந்து 1/500-க்குப் போவது ஒரு ஸ்டாப், உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். அதை அப்பர்ச்சரிலோ (லென்ஸின் திறப்பு) ஐ.எஸ்.ஓ.விலோ (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) திருப்பித் தர வேண்டும்.

வீட்டு மின்விசிறிதான் பயிற்சிக்கூடம்

களத்துக்குப் போகும் முன் சீலிங் ஃபேனில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். வழக்கமான 1200 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 350 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இறக்கையின் நுனி நொடிக்கு 22 மீட்டர் போகிறது, மணிக்குச் சுமார் 79 கி.மீ. நெடுஞ்சாலைக் காரின் வேகம் தலைக்கு மேலேயே இருக்கிறது!

1. பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, தரையில் மல்லாந்து படுத்து ஃபேன் முழுவதும் ஃப்ரேமில் வரும்படி பிடியுங்கள். ஷட்டரை நாம் முடிவு செய்யும் மோடுக்கு மாறுங்கள். நிக்கான், சோனியில் அது ‘எஸ்’, கேனானில் ‘டிவி’. ஐ.எஸ்.ஓ. ஆட்டோவில் இருக்கட்டும்.

2. மெக்கானிகல் ஷட்டரில் (திரை திறந்து மூடும் வழக்கமான ஷட்டர்) 1/4000 வையுங்கள். நுனி ஐந்தரை மில்லிமீட்டர்தான் நகரும், ஃபேன் நின்றுவிட்டது போலத் தெரியும். படம் இருண்டு, அப்பர்ச்சர் எண் மினுக்கினால் லென்ஸ் முழுதும் திறந்தும் வெளிச்சம் போதவில்லை என்று கேமரா சொல்கிறது. ஐ.எஸ்.ஓ.வின் உச்ச வரம்பை உயர்த்துங்கள்.

3. 1/1000. நுனி 22 மில்லிமீட்டர். நுனியில் லேசான இழுவை, நடுவில் மோட்டாருக்கு அருகே துல்லியம்.

4. 1/60. இறக்கை 35 டிகிரி சுழன்றிருக்கும், விசிறி மடிப்பு போல விரியும்.

5. 1/15. மூன்று இறக்கை ஃபேனில் ஒவ்வொன்றும் 140 டிகிரி போயிருக்கும். ஒன்றின் தடம் அடுத்ததோடு சேர்ந்து முழு வட்டத் தகடாகிவிடும்.

நான்கு படங்களையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு ரெகுலேட்டரைக் குறைத்து மீண்டும் எடுங்கள்.

கடைசியாக சைலன்ட் மோடு, அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/4000 வைத்து ஒன்று எடுங்கள். பல கேமராக்களில் இறக்கைகள் வாழை இலை மாதிரி வளைந்திருக்கும். 1/4000 என்பது ஒவ்வொரு வரிசைப் பிக்சலுக்கும் கிடைக்கும் நேரம். மேல்வரிசை தொடங்கி கீழ்வரிசை வரை முழுச் சென்சாரையும் படித்து முடிக்க அதைவிடப் பல மடங்கு நேரமாகிறது, அதற்குள் இறக்கை இடம் மாறிவிடுகிறது. கிரிக்கெட் மட்டை வளைந்து தெரிவதும் கார் சாய்ந்து தெரிவதும் இதனால்தான். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9 III போன்ற குளோபல் ஷட்டர் கேமராவில் எல்லா வரிசையும் ஒரே கணத்தில் பதிவதால் இந்த வளைவு வராது. மற்ற பெரும்பாலான கேமராக்களில் வேகமான பொருளுக்கு மெக்கானிகல் ஷட்டரே நல்லது.

உறைய வைப்பது: வாடிவாசல் கணக்கு

ஜல்லிக்கட்டில் காளை வாடிவாசலைத் தாண்டும் அரை நொடிக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். காளை நொடிக்கு 10 மீட்டர் பாய்கிறது என்று வையுங்கள். 6 மீட்டர் அகல ஃப்ரேமில் 1/1000-க்குப் 10 பிக்சல், 1/2000-க்கு 5 பிக்சல். உடலுக்கு 1/1000 போதும். ஆனால் தலையை வெட்டித் திருப்பும்போது கொம்பு நுனி உடலைவிட வேகமாகப் போகும், கால்களும் அப்படியே. எனவே 1/1600-இலிருந்து 1/2000 வரை வைப்பது பாதுகாப்பு.

மோடு ‘எம்’ (மேனுவல்). ஷட்டர் 1/1600, அப்பர்ச்சர் எஃப்/4 அல்லது எஃப்/5.6 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐ.எஸ்.ஓ. ஆட்டோ, வரம்பு 6400. தூசிப் புழுதியும் வெள்ளை வேட்டிகளும் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரை ஏமாற்றும் என்பதால் முதல் இரண்டு காளைகளிலேயே ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) திருத்திவிடுங்கள். ஃபோகஸ் தொடர் மோடில் இருக்க வேண்டும்: நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி, கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ. ஒற்றை ஃபோகஸில் வைத்து எடுத்தால் காளை நின்றிருந்த இடம்தான் கூர்மையாக வரும்.

வெளிச்சம் போதுமா என்பதை வீட்டிலேயே கணித்துவிடலாம். பளீரென்ற வெயிலில் எஃப்/16, ஐ.எஸ்.ஓ. 100-க்கு ஷட்டர் 1/100. எஃப்/16-இலிருந்து எஃப்/4 நான்கு ஸ்டாப், அதனால் 1/1600. அதாவது முழு வெயிலில் எஃப்/4 லென்ஸ் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100-இலேயே வேலை முடிந்தது. தை மாதக் காலையின் சாய்ந்த வெயிலுக்கு இரண்டு ஸ்டாப் குறைத்துக்கொண்டால் ஐ.எஸ்.ஓ. 400. மேகம் மூடினால் 1600. இன்றைய கேமராக்களுக்கு இதெல்லாம் சிரமமே இல்லை. ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து 1/500-இல் எடுத்து மங்கிய படத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். நாய்ஸை (ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் வரும் மணல் போன்ற புள்ளிகள்) மென்பொருள் குறைத்துவிடும். இழுபட்ட கொம்பை எதுவும் நேராக்காது.

பந்துக்கு இன்னும் வேகம் வேண்டும். மணிக்கு 140 கி.மீ. பந்து நொடிக்கு 39 மீட்டர் போகும். 1/2000-இல் 19 மில்லிமீட்டர் நகரும், சுமார் 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து முட்டை வடிவாகத் தெரியும். 1/4000-இல் 10 மில்லிமீட்டர், தையல் ஓரளவு தெரியத் தொடங்கும்.

வெளிச்சமே இல்லாத அரங்கில் இவ்வளவு வேகம் கிடைக்காது. அங்கே உச்சிக் கணம் கைகொடுக்கும். அரை மீட்டர் உயரம் எம்பும் நடனக் கலைஞர் தரையை விடும்போது நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் வேகத்தில் இருக்கிறார். உச்சியில் அந்த மேல்நோக்கிய வேகம் பூஜ்ஜியம். உச்சிக்கு இருபதில் ஒரு நொடி முன்னும் பின்னும்கூட நொடிக்கு அரை மீட்டர்தான். ஆகவே உச்சியில் 1/250-கூடப் போதும். பரதத்தில் தாளம் தெரிந்தவருக்கு இது எளிது: தீர்மானம் (ஜதியை முடிக்கும் தாளக் கோவை) முடிந்து அடவு நிலைக்கு வரும் கணத்தைக் காதுதான் முதலில் சொல்லும். பர்ஸ்டை (தொடர்ந்து பல படம் எடுக்கும் வசதி) மட்டும் நம்பி விரலை அழுத்திக்கொண்டே இருப்பவரைவிட, ஜதியைக் கேட்டு ஒரு முறை அழுத்துபவருக்கு நல்ல படம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் உறைய வைக்காதீர்கள்

பைக் பந்தயத்தை 1/4000-இல் எடுத்தால் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரியும். வண்டி ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியது போல இருக்கும். ஹெலிகாப்டரின் சுழலியும் விமானத்தின் புரொப்பெல்லரும் உறைந்தால் ஆகாயத்தில் இன்ஜின் நின்ற மாதிரி ஒரு பயம் வரும். புரொப்பெல்லருக்கு 1/125 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும்.

சிலம்பத்தில் இதை அழகாகப் பயன்படுத்தலாம். கம்பை நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றுகிறார் என்றால், 1/30-இல் ஒவ்வொரு முனையும் 36 டிகிரி வரைந்திருக்கும். 1/15-இல் 72 டிகிரி. இரண்டு முனையும் சேர்ந்து முழு வட்டம் தர 1/6 நொடி வேண்டும், ஆனால் அந்த நேரத்துக்குள் முகமும் அசைந்துவிடும். 1/15-இலும் 1/30-இலும்தான் முகம் நின்று கம்பு பறக்கும் படம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆட்டக்காரர் நின்ற இடத்திலேயே சுற்றும் தருணத்தில், முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, ஐந்தாறு படங்கள் தொடர்ந்து எடுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் கம்பின் தடம் எடுப்பாகத் தெரியும்.

பேனிங்

பொருளோடு சேர்ந்து கேமராவைத் திருப்பினால், பொருளின் பிம்பம் சென்சாரில் அதே பிக்சல்களில் நிற்கும், பின்னணி ஓடும். அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறோம். மணிக்கு 40 கி.மீ. போகும் பைக், 6 மீட்டர் ஃப்ரேம், 1/30 நொடி: பின்னணி 370 பிக்சல் இழுபடும், அழகான கோடுகள் கிடைக்கும். 1/250-இல் 44 பிக்சல்தான், ஃபோகஸ் தவறிய பின்னணி போல அரைகுறையாக இருக்கும். பேனிங் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஷட்டரைக் குறைக்கப் பயந்தவர்கள்.

தொடக்கத்துக்கு: பந்தயக் கார் 1/125, சாலை பைக் 1/30 முதல் 1/60, சைக்கிள் 1/15 முதல் 1/30. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற இடத்தில் முதலில் 1/250-இல் சில படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, சுற்றுக்குச் சுற்று ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்குங்கள்.

1. வண்டி வந்து சேரும் இடத்தை நோக்கிக் கால்களை ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் திருப்புங்கள். முறுக்கிய கயிறு பிரிவது போல உடல் தானாக மையத்துக்கு வரும். கால்களை வரும் பக்கம் வைத்து நின்றால் முக்கியமான கணத்தில் உடல் இறுகிவிடும்.

2. லென்ஸில் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) மோடு 2 இருந்தால் அதைப் போடுங்கள், அது மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் அடக்கும். மோடு 1 சில லென்ஸ்களில் நாம் திருப்புவதையே நடுக்கம் என்று நினைத்து எதிர்க்கும்.

3. தூரத்திலேயே வண்டியைப் பிடித்து, ஃபோகஸ் புள்ளியை ஓட்டுநரின் ஹெல்மெட் மேல் ஒட்டவைத்துக்கொண்டு தொடருங்கள்.

4. ஷட்டரை மெதுவாக அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக்கூடாது. பட்டனை அழுத்தும் அதிர்ச்சியில் கை நிற்பதுதான் பெரும்பாலான படங்களைக் கெடுக்கிறது.

1/30-இல் பத்துக்கு ஒன்று நன்றாக வந்தால் கை தேறிவிட்டது என்று அர்த்தம். வண்டியின் முகப்பு கூர்மையாகவும் பின்பகுதி மங்கலாகவும் வந்தால், மிக அருகில் அகலக் கோண லென்ஸோடு நிற்கிறீர்கள். தள்ளிப் போய் 100 மி.மீ.-க்கு மேல் பயன்படுத்துங்கள். பின்னணி வெறும் வானமோ வெள்ளைச் சுவரோ என்றால் எவ்வளவு திருப்பினாலும் கோடு விழாது, இழுபடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. மர நிழலும் இடையிடையே வெயில் திட்டும் உள்ள இடம் தேடுங்கள்.

உச்சி வெயிலில் 1/30 கிடைக்காது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/22 வைத்தாலும் 1/50தான். எஃப்/22-இல் படம் மொத்தமாக மென்மையாகும், சென்சார் தூசியெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்.டி. 8 ஃபில்டரைப் போட்டால் எஃப்/8-இலேயே 1/50 வரும்.

அருவி

அருவிக்கு ஒரு நொடி என்று ஒரு பாடம் ஊரெல்லாம் இருக்கிறது. குற்றாலம் பேரருவியைச் சீசனில் ஒரு நொடி எடுத்தால் வெள்ளைப் படுதா தொங்குவது போலத்தான் வரும். 10 மீட்டர் விழுந்த நீர் நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் இருக்கிறது. கால் நொடியிலேயே மூன்றரை மீட்டர் இழுபட்டுவிடும். பெரிய அருவிக்கு 1/8 முதல் 1/4 வரை போதும், நீரின் இழைகள் பிரிந்து தெரியும். பாறை நடுவே நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ஓடைக்கு அரை நொடி முதல் இரண்டு நொடி. துளிகளே முத்து முத்தாக வேண்டுமானால் எதிர்த்திசைக்குப் போய் 1/1000-க்கு மேல்.

முக்காலி கட்டாயம். அதன் மேல் வைத்ததும் ஸ்டெபிலைசரை அணைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். நிழலில் எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100-க்கு 1/60 வந்தால் என்.டி. 64 அதை ஒரு நொடியாக்கும், என்.டி. 1000 சுமார் 16 நொடியாக்கும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) ஒன்று இருந்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப்பைக் குறைத்து, பாறையின் ஈரப் பளபளப்பையும் அடக்கும். அருவிக்கு அதை முதலில் வாங்கலாம். என்.டி. 1000 வழியாகக் கேமராவுக்குக் கண் தெரியாது, எனவே முதலில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஃபில்டரைத் திருகுங்கள். டி.எஸ்.எல்.ஆர். என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், பின்னாலிருந்து ஒளி கசியும்.

வெண்ணுரை வெளுத்து விவரம் போய்விடுவது வழக்கமான தவறு. மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். சாரல் கண்ணாடியில் படிந்தால் நீண்ட எக்ஸ்போஷரில் வட்ட வட்டமாகத் தெரியும், பருத்தித் துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். குளிக்கிறவர்களை ஃப்ரேமில் சேர்க்காதீர்கள். அவர்கள் மங்கி ஆவி போலத் தெரிவது ஒரு பக்கம், அவர்கள் அனுமதி தரவில்லை என்பது இன்னொரு பக்கம்.

ஃப்ளாஷும் விளக்குகளும்

இருட்டறையில் நீர்த்துளியை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, ஃப்ளாஷ். ஷட்டர் 1/200, எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 400, ஃப்ளாஷ் சக்தி 1/64. சக்தியைக் குறைக்கக் குறைக்க ஒளி வெட்டும் நேரம் சுருங்கும், 1/64-இல் அது நொடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். முழுச் சக்தியில் எடுத்தால் துளி வால் விட்டுத் தெரியும். வெளிச்சம் போதவில்லையென்றால் சக்தியைக் கூட்டாமல் ஃப்ளாஷை அருகில் கொண்டுவாருங்கள். ஷட்டர் சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச வேகம், பெரும்பாலும் 1/200 அல்லது 1/250) தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும்.

கரகாட்டம் போன்ற இரவு நிகழ்ச்சியில் 1/15-உம் ஃப்ளாஷும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அதற்கு ரியர் கர்ட்டன் சிங்க் வையுங்கள். ஃப்ளாஷ் கடைசியில் வெட்டும்போது ஒளித்தடம் ஆளுக்குப் பின்னால் நீளும். வழக்கமான முறையில் தடம் முன்னால் விழுந்து, ஆள் பின்னோக்கிப் போவது போல இருக்கும்.

மண்டபத்தில் 1/500 வைத்தபோது ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு, மூன்றாவதில் பட்டை என்று வந்தால் கேமராவில் குறையில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. 1/100 அல்லது 1/50-க்கு இறங்குங்கள். வேகம் வேண்டுமென்றால் விளக்கின் மினுக்கலுக்கு ஏற்ப எடுக்கும் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் வசதியை இயக்குங்கள்.

படம் மங்கினால் காரணம் எது?

பெரிதாக்கிப் பாருங்கள். மரம், கம்பம், ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். கையில் பிடித்து எடுக்க 200 மி.மீ.-க்கு குறைந்தது 1/200, சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் 1/300. பின்னணி கூர்மையாக இருக்க ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் மெதுவாகிவிட்டது. ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் நிறுத்தும், ஆளை நிறுத்தாது. இழுவையே இல்லாமல் ஆள் மட்டும் பஞ்சு போல இருந்து, முன்னாலோ பின்னாலோ புல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. அதற்கு ஷட்டரைக் கூட்டிப் பயனில்லை.

போனில் எடுப்பவர்களுக்கு: எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. 50-இல் முழு வெயிலுக்குப் போன் தானாகவே 1/4000 அளவுக்குப் போய்விடும். அதனால் பகலில் உறைய வைக்க எதுவும் செய்ய வேண்டாம். மங்க வைக்கத்தான் முடியாது, பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரைச் சுருக்க வழியில்லாததால் கிளிப் வைத்த என்.டி. ஃபில்டர் வேண்டும். மாலை மங்கியதும் நிலைமை தலைகீழ். ஆட்டோவில் போன் ஷட்டரை இறக்கிப் பல படங்களைச் சேர்த்து ஒட்டும், ஓடுகிற குழந்தைக்கு மூன்று கை வரும். ப்ரோ மோடில் 1/250-ஐ நீங்களே வைத்து, நைட் மோடை அணைத்துவிட்டு எடுங்கள்.